வாத்திச்சி பாறை

நான் ராசிபுரத்து நெசவுத் தெருவில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நூல் தெரியும், சாயம் தெரியும், தறி தெரியும். காடு என்றால் மழையை நம்பி வெள்ளாமை செய்கிற நிலம் என்று பேச்சளவில் எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு காட்டுக்கும், கிணற்றுக்கும், பள்ளத்துக்கும் மனிதர்களுக்கு இருப்பதுபோலத் தனித்தனியாகப் பேர் உண்டு என்பது கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, வண்டித்தடத்தில் போய்ச் சேர வேண்டிய ஒரு சின்ன ஊரில், போர்டு பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை வாத்தியாராக இருந்தார். ஊரில் அவரை வாத்தியார் என்பார்கள். என்னை வாத்திச்சி என்பார்கள். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். வாத்தியார் பெண்டாட்டி என்பதால் வந்த பேர் அது. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அவளுக்கு நாலு வயதாகியிருந்தபோது, என் அப்பாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று ராசிபுரத்திலிருந்து ஆள் வந்தது. எங்கள் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, குழந்தையைத் தூக்கிவர வேண்டாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அவளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அம்மைக்குப் பயந்து விட்டுப்போன ஊரில் வாந்திபேதி வந்துவிட்டது.

தகவல் தெரிந்து வண்டி பிடித்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் சுண்ணாம்பு கொட்டிக் கிடந்தது. அவளுடைய பாவாடை, போர்வை, பாய் எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்திய கரி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“எங்கீங்க?” என்றேன்.

மேற்கே கையைக் காட்டினார்.

வாந்திபேதியில் போனவர்களை வழக்கமான இடத்தில் புதைக்கவில்லை. ஊருக்கு மேற்கே ஓடை ஓரமாக, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதை ஒட்டிப் புதைத்திருந்தார்கள். நாய், நரி தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த மேடு இவ்வளவு சின்னதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“என்னங்க ஆச்சு? கடைசியா என்ன சொன்னா? என்னைக் கேட்டாளா?” என்று அவரிடம் எத்தனையோ விதமாகக் கேட்டேன். “வந்துச்சு, போயிட்டா” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மறுபடி கேட்டால் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் அங்கேயே இருப்பார். அந்த நேரத்தில் நான் பாறைக்குப் போவேன். வெயில் தாழ்ந்த பிறகும் பாறை சூடாகவே இருக்கும். அதில் உட்கார்ந்து அழுவேன். வீட்டில் அழுதால் அக்கம்பக்கத்தில் யாராவது வந்து தேற்றுவார்கள். எனக்கு யாரும் தேற்ற வேண்டாம் என்றிருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். நான் அங்கே போவது அவருக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் பூகோளத்தை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு வாத்தியாரும் தன் ஊரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற ஊர் வாத்தியார்கள் மலை, ஏரி, சந்தை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவரால் அப்படி முடிக்க முடியவில்லை. ஊரில் உள்ள எல்லாக் காட்டுக்கும் பேர் எழுதினார். பிறகு பக்கத்து ஊர். பிறகு தோட்டங்களில் தனித்தனியாக இருக்கிற பழைய வீடுகள். எந்த வீடு யார் காலத்தில் கட்டியது, சுவர் எத்தனை முழம், கூரை ஓலையா ஓடா என்று எழுதினார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் விடிந்ததும் கிளம்பிவிடுவார். இன்ஸ்பெக்டர் கேட்டது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒருநாள் வெயிலில் கறுத்துப் போய் வந்தவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: “நீயும் வர்றயா? தோட்டத்து ஊடுகள்ல ஆம்பளை இல்லீன்னா பொம்பளைங்க எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்க. உள்ளாற போயி அளக்கவும் முடியலை.”

குழந்தை போன பிறகு அவர் என்னிடம் அத்தனை வார்த்தைகள் சேர்த்துப் பேசியது அன்றுதான். போகிறேன் என்றேன். பாறைக்குப் போவது அத்துடன் நின்றுபோனது. சாயங்காலங்களில் நாங்கள் எங்காவது ஒரு தோட்டத்திலிருந்து திரும்பி நடந்துகொண்டிருப்போம்.

முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தார். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான் பிடிப்பேன். முன்கட்டில் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிற கூடத்தை அந்தப் பக்கத்தில் ஆசாரம் என்பார்கள். ஆசாரம் வரை அவர் அளப்பார். அதற்கு உள்ளே அடுப்படி, குதிர் வைத்த அறை, சாமான் போடுகிற அட்டாலி எல்லாம் என் பொறுப்பு. அந்த வீட்டுப் பெண் கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “எங்கூட்டை அளந்து என்னுங்க பண்ணப்போறீங்க? வெலைக்கு வாங்கவா?” என்பாள். இரண்டு முழம் அளப்பதற்குள் பேச்சு வந்துவிடும். எந்தக் காட்டை யார் யாருக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள், எந்தக் கிணற்றில் யார் விழுந்தார்கள் என்பதெல்லாம் அடுப்படியில்தான் கிடைத்தது.

ஒரு தோட்டத்தில், வீட்டுக்குத் தெற்கே இருந்த காட்டின் பேரைக் கேட்டதும் அந்த வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதை நான் சொல்லக்கூடாதுங்க அக்கா.”

“ஏனுங்க?”

“பழனி மலை மேல கோமணத்தோட நிக்கறாருல்லீங்க, அவரு பேருங்க. எங்கூட்டுக்காரருக்கும் அதேதான். காட்டுப் பேருன்னாலும் வாயில வரலாமுங்களா?”

எனக்குப் புரிந்தது. நானும் என் வீட்டுக்காரர் பேரை இதுவரை சொன்னதில்லை. இங்கும் எழுதப் போவதில்லை. வெளியே வந்து அவர் காதோடு பழனி மலைக்காரர் என்றேன். எழுதிக்கொண்டே அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. செட்டி விழுந்தான் கிணற்றில் விழுந்த செட்டி யார், எந்த ஊர், ஏன் விழுந்தான் என்று மத்தியானம் முழுக்க நாலு பேரை நிறுத்திவைத்துக் கேட்டிருந்தார். ரெண்டு பொண்டாட்டிக் காட்டில் வரப்பு ஏன் கோணலாகப் போகிறது என்று கேட்டிருந்தார். என் குழந்தை எப்படிச் செத்தாள் என்று நான் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். இது என்ன மனுஷன் என்று நினைத்துக்கொண்டே அவர் பின்னால் நடப்பேன்.

இப்படி இரண்டு கோடை போயிருக்கும். கிழக்கே, வடக்கே, தெற்கே எல்லாப் பக்கமும் போனோம். மேற்குப் பக்கத்தை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நானும் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கம்தான் மிச்சமிருந்தது. ஓடைக்கு அப்பால் ஒரு பெரிய தோட்டத்து வீடு இருந்தது. வருகிறோம் என்று அந்த வீட்டு விவசாயியிடம் அவர் சொல்லியும் வைத்திருந்தார்.

நேரே போனால் பாறையைத் தாண்ட வேண்டும். அவர் வடக்கே சுற்றிக்கொண்டு போகிற ஒற்றையடிக் கொடித்தடத்தில் இறங்கினார். மாசி மாத வெயில். மேடான ஏறுகாட்டில் ஒரு வேலமரத்தடியில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அந்தாண்டை ஊருக்குப் புதிதாக வாழ வந்தவள் போலிருந்தது. எங்களை அவளுக்குத் தெரியாது. அவர் வழக்கம்போல் நின்று, கண்ணுக்கெட்டுகிற இடங்களின் பேரெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவள் கையிலிருந்த கோலை நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள்.

“அது நரிப்பள்ளமுங்க. அதுக்கு மேக்க ஊஞ்சக்காடு. அந்தா, ரெண்டு பனை நிக்கற எடம் கூத்தாடி மேடு. இந்தக் கிட்டத்துல ஓடையோரமாத் தெரியறது வாத்திச்சி பாறைங்க.”

அவர் பென்சில் நின்றது.

“அதுக்கு ஏன் அந்தப் பேரு?” என்று கேட்டார். எல்லாப் பேருக்கும் கேட்கிற கேள்விதான்.

“ஒரு வாத்திச்சி பொழுதெறங்கற நேரத்துக்கு வந்து அதும் மேல உக்காந்து அழுவுமாமுங்க. அங்கதான் அதும் புள்ளையப் பொதைச்சாங்களாம். நான் பாக்கலீங்க. எங்க மாமியா சொல்லுவாங்க. ஆடு அங்கிட்டுப் போச்சுன்னா, வாத்திச்சி பாறைகிட்டப் போயிருச்சு, முடுக்கிட்டு வாம்பாங்க.”

“அந்தம்மா இப்ப வர்றதில்லையா?” என்றார்.

“செத்திருக்குமுங்க. இருந்தா வராம இருக்குமுங்களா?”

ஆடுகள் இறங்கிப் போகவே அவள் ஓடிவிட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நடந்தார். பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை நான் பொறுத்துப் பார்த்தேன்.

“எழுதலீங்களா?” என்றேன்.

“எதை?”

“அந்தப் பாறையை.”

“அது இப்ப வந்த பேரு. நான் பழைய பேருதான் எழுதறேன்.”

“செட்டி விழுந்தான் கெணறும் ஒருநா இப்ப வந்த பேருதானுங்களே. எவனோ ஒரு செட்டிக்கு எழுதுனீங்க.”

அவர் நடந்துகொண்டே இருந்தார். என் அழுகையை முன்பின் தெரியாத சனங்கள் பார்த்திருக்கிறார்கள். பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைச் சொல்லி ஆடு மேய்க்கிறார்கள். இவருக்கு அதைக் காகிதத்தில் போடக்கூட மனசு வரவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நின்றேன். ஆனால் தனியாகப் போனால் பாறை வழியாகத்தான் போவேன் என்று தெரிந்தது. அன்றைக்கு என்னால் அது முடியாது. அவர் பின்னாலேயே போனேன்.

அந்தத் தோட்டத்து வீட்டில் விவசாயி இல்லை. நாமக்கல் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். “சொல்லிட்டுத்தானுங்க போனாரு, வாங்க சாமி, வாங்க அம்மிணி” என்று ஆசாரத்தில் பாயை விரித்தார். பழைய வீடு. மண்சுவர் ஒன்றரை முழம் அகலம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் வெயில் அடங்கிப்போயிற்று. என் வீட்டுக்காரர் கையில் ஒரு சொம்புத் தண்ணீரும் என் கையில் ஒரு சொம்பும் கொடுத்துவிட்டு, கதவு நிலையோரம் உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாள் என்னைக் கேட்டார்:

“எத்தனை புள்ளைங்க கண்ணு?”

எந்த வீட்டிலும் கேட்பதுதான். உள்ளே அடுப்படியில் கேட்பார்கள். இல்லைங்க என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடிப்பேன். அன்று நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

“ஒண்ணு இருந்துச்சுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொட்டப்புள்ளைங்க. இவ அய்யனுக்கு முடியலீன்னு ராசிபுரம் போயிருந்தா. காலைல எங்கூடத்தான் பள்ளிக்கூடம் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துச்சு. தூக்கிட்டு ஊட்டுக்கு ஓடியாந்தேன். வைத்தியரு பாத்துட்டு, வாந்திபேதி, தண்ணி மட்டும் குடுத்துறாதீங்க, குடுத்தா அப்பவே போயிரும்னாருங்க.”

அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“குடுக்கலீங்க. தண்ணி, தண்ணின்னே கேட்டுட்டு இருந்துச்சு. ஒதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. பானையைப் பாத்துட்டே இருந்துச்சுன்னு பானையைத் தூக்கி வெளிய வெச்சேன். தவழ்ந்து கதவு வரைக்கும் வந்துச்சு. தூக்கியாந்து படுக்க வெச்சேன். மறுக்காவும் வந்துச்சு. கதவைச் சாத்திட்டனுங்க.”

மாடு கட்டுத்தறியில் காலை உதைக்கிற சத்தம் கேட்டது.

“பொழுதெறங்கறப்ப கேக்கறதை நிறுத்திருச்சு. ‘அம்மா வந்தாக் குடுக்கும்’னு சொல்லுச்சு. கோவமாச் சொல்லலீங்க. எனக்குத் தெரியாத ஒரு சங்கதியைச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. அப்பறம் பேசலை.”

“சாமி…” என்றார் அந்த அம்மாள்.

“மறு வருஷம் நாமக்கல்ல ஒரு டாக்டரைப் பாத்துக் கேட்டனுங்க. தண்ணிதான் குடுத்திருக்கோணும்னாரு. எவ்வளவு கேட்டுதோ அவ்வளவும் குடுத்திருக்கோணும்னாரு.”

அந்த அம்மாள் அழுதார். “எம்பட தங்கச்சிக்கும் அப்படித்தானுங்க சொன்னாங்க. நாங்களும் குடுக்கலீங்க சாமி. எல்லாரும் அப்படித்தானுங்க செஞ்சோம்” என்றார். என் வீட்டுக்காரர் அழவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றை எடுத்து ஆசாரத்தை அளக்க எழுந்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கை வரவில்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அதைப் பிடித்தார். அவரே என் வீட்டுக்காரருக்கு நீளம், அகலம் எல்லாம் அளந்து கொடுத்தார்.

திரும்புகிறபோது நான் பின்னால் நடந்தேன். நான் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று மனசு கத்திக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போனதும், நானும் வைத்தியர் பேச்சைத் தட்டியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. அடுத்த அடியில், இல்லை, கொடுத்திருப்பேன், அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று மறுபடி கத்தியது. இரண்டையும் நான் அவரிடம் சொல்லவில்லை. கூலி கிடைக்காமல் திரும்புகிற ஆள்போல முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போன அந்த முதுகைப் பார்த்தால், அடிக்கவும் தோன்றியது, தொடவும் தோன்றியது.

ஓடையில் இறங்கும்போது அவர் நின்றார்.

“எப்பப் போயிட்டிருந்தே அங்க?”

“நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப.”

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

“எனக்குச் சொல்லலியே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “வந்திருக்க மாட்டேன்” என்றார்.

அன்று இருவரும் சுற்றுத்தடத்தில்தான் வீடு திரும்பினோம்.

அவர் எழுதியதை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனபோது, கேட்டவர் மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, மூணாங்கிளாசுக்கு இவ்வளவா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர் அதைப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தார். சில வருஷங்களில் ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். செல்லரித்ததோ, அடுப்பெரித்தார்களோ தெரியாது. பாறையின் பேரை அவர் கடைசிவரை எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சே வேறு மாதிரி இருந்தது. அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. வேறு குழந்தையும் பிறக்கவில்லை. ஆனால் அங்கே போன பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாப்பிடும்போது, வெற்றிலை மடிக்கும்போது, எதுவும் கேட்காமலே வரும். “கம்பங்கூழுக்கு வெல்லம் கேப்பாளே” என்பார். “ரெட்டைச்சுழி, உங்க அய்யனுக்கு மாதிரி” என்பார். இன்னும் ஒன்று சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பேன். நானும் ஒன்று சொல்வேன். அந்தக் கதவையும் பானையையும் பற்றி மட்டும் நாங்கள் திரும்பப் பேசவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், அவர் காய்ச்சல் வந்து படுத்தார். அதற்குச் சில நாள் முன்பு எங்களுக்குள் ஒரு சண்டை. சிரித்தால் அவளுக்கு ஒரு கன்னத்தில் குழி விழும். அது வலது கன்னம் என்றார் அவர். இடது கன்னம் என்றேன் நான். “நான்தான் தெனமும் தலை சீவி விட்டவ, எனக்குத் தெரியாதா?” என்றேன். “பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல உக்காந்து எம்பக்கம் திரும்பிச் சிரிப்பா, எனக்குத் தெரியாதா?” என்றார். இரண்டு பேரும் விடவில்லை. போட்டோ எதுவும் எடுத்து வைக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளைப் பார்த்த மனிதர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை. கோபித்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். அப்புறம் காய்ச்சல். காய்ச்சலிலிருந்து அவர் எழவில்லை.

நான் இப்போது ராசிபுரத்தில் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். இடது கன்னம்தான். ஆனால் சில நாள் காலையில் எழுந்ததும் வலது கன்னமோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அண்ணனுக்கு நினைவில்லை. இங்கே வேறு யாரிடம் கேட்பது?